எந்த நம்பரை அழுத்தினாலும் பைலட்

திருப்பூரில் சந்தேகப்படத் தெரியாதவர்கள் பிழைக்க முடியாது. புது டிசைன் பனியனைப் பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிடக் கூடாதென்று மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் யார் என்பதைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். அப்பேர்ப்பட்ட ஊரே ஒரு மனிதரைப் பார்த்து, "இத்தனை சந்தேகம் ஆகாதுங்க" என்று சொன்னது என்றால், அது பைலட் ஒருவரைப் பார்த்துத்தான்.

டீக்கடையில் மாஸ்டர், "சர்க்கரை பத்துங்களாண்ணா?" என்று கேட்டால், "எதுக்குக் கேக்கறீங்க?" என்பார். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு ஸ்டாப் தள்ளிச் சொல்லித்தான் டிக்கெட் வாங்குவார். வீட்டைப் பூட்டியபின் பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பைலட் தெருமுனை வரை போய், சட்டென்று திரும்பி வந்து, தான் இல்லாத நேரத்தில் அந்தப் பூட்டு என்ன செய்கிறது என்று எட்டிப் பார்ப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருந்தால், எதற்கு என்று கேட்டிருப்பார்.

விமானத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டிவியில் ஒரு தொடரை ஓட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக, முதல் பகுதியை மட்டும் மாதிரிக்கு எடுத்துக் காட்டுவார்கள். அதற்குப் பைலட் என்று பெயர். பனியன் கம்பெனிக்குச் சாம்பிள் பீஸ் எப்படியோ, தொடருக்கு இது அப்படி. நம்மாள் ஆறு நகைச்சுவைத் தொடர்களுக்குப் பைலட் எடுத்தவர். ஒன்றில், எல்லோருக்கும் தூரத்துச் சொந்தமான ஒருவர் ஒரே முகூர்த்தத்தில் நான்கு கல்யாணங்களில் மொய் எழுதியாக வேண்டும். இன்னொன்றில், பல்லடம் பஸ்ஸில் ஏறிய வெள்ளாட்டுக்கு டிக்கெட்டா, லக்கேஜா என்று பஸ் முழுக்கச் சண்டை. ஆறுக்கும் இரண்டாம் பகுதி பிறக்கவே இல்லை. ஆறு கேசட்டுகளும் அவர் வீட்டுப் பரணில், 'ரிஜெக்ட்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய பனியன் பெட்டிக்குள் இருந்தன. ரிஜெக்ட் என்று எழுதினால் திருடன் தொடமாட்டான் என்பது அவர் கணக்கு.

அவர் குடியிருந்த லைன் வீட்டின் சொந்தக்காரம்மா மட்டும் அவர் நிஜமாகவே விமானம் ஓட்டியவர் என்று நம்பினார். ஒரம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் சன்னல் வழியே அவரைக் காட்டுவார். பைலட் கடைசிவரை அதைத் திருத்தவில்லை. திருத்தினால் வேறென்ன பைலட் என்று கேட்பார்கள். கேட்டால் கதையைச் சொல்ல வேண்டும். சொன்னால் திருடிவிடுவார்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து போய், ஓர் எக்ஸ்போர்ட் ஆபீசில் பில் டைப் அடித்துக்கொண்டு பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்த காலம் அது. இரண்டாயிரத்து மூன்று, நான்கு இருக்கும். அப்போதெல்லாம் ஏரியாவுக்கு ஏரியா கேபிள்காரர்கள் சொந்தமாக ஒரு சேனல் வைத்திருப்பார்கள். பழைய படம், பிறந்தநாள் வாழ்த்து, நகைக்கடை விளம்பரம், காணாமல் போன பசு மாடு, எல்லாம் அதில் வரும். எங்கள் ஏரியா சேனல் ஒரு மாவு மில்லுக்கு மேலே மாடியில் இருந்தது. அதில் எந்த நேரத்தில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்கிறவர் பைலட். சாயங்கால நேரத்தில் வாழ்த்து வாசிக்க ஒரு பெண் வேண்டும் என்று விளம்பரம் ஓடியது. போனேன்.

மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். பேசுவது வெளியே கேட்கக் கூடாதாம். எனக்கே கேட்கவில்லை.

"யாரு அனுப்புனாங்க அம்முணி?"

"யாரும் அனுப்பலண்ணே. உங்க சேனல்லதான் விளம்பரம் பாத்தேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கு."

கண்களைச் சுருக்கிக்கொண்டார். "ஏழு மணிக்கு ஊரே சீரியல் பாக்குது. நீங்க மட்டும் எதுக்குங்க நம்ம சேனலைப் பாத்தீங்க?"

உண்மையைச் சொன்னேன். "ஹாஸ்டல்ல ரிமோட் கெட்டுப்போச்சுண்ணே. அதுல நின்னது, அப்படியே நின்னுபோச்சு."

அவர் முகம் தெளிந்தது. "இது நம்பற மாதிரி இருக்குது. நாளைக்கு வந்துருங்க."

சேர்ந்த ஒரு மாதத்தில் அவருடைய ஏழாவது பைலட் வேலை தொடங்கியது. சேனல் முதலாளிக்குச் சொந்தத்தில் ஒரு பனியன் கம்பெனியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை லீவில் அங்கேயே ஷூட்டிங் வைத்துக்கொள்ளலாம், ஒரு பகுதி ஓட்டிப் பார்க்கலாம், சனங்கள் கேட்டால் மேற்கொண்டு எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். நடிகர்கள் எல்லாம் அந்தக் கம்பெனி ஆட்கள்தான். கதாநாயகன் செல்லத்துரை, எங்கள் தென்மாவட்டத்துக்காரர், டெய்லர். கதாநாயகி என்று சொல்வதானால் கிருஷ்ணவேணி அக்கா. குண்டடத்துக்காரர். செக்கிங் பிரிவில் பனியனில் ஓட்டை தேடுகிற வேலை. ஆள் வாயைத் திறக்க வேண்டாம். பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, அதன் ஓட்டை வழியாக ஒருவரைப் பார்த்தாலே நமக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கதை முழுவதும் பைலட்டின் தலைக்குள் மட்டும் இருந்தது. ஒவ்வொருவருக்கும் அவரவர் வசனத்தை மட்டும் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். முந்தைய வசனமும் தெரியாது, அடுத்ததும் தெரியாது. முடிந்ததும் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார். யாரும் மொத்தக் கதையையும் கொண்டுபோய் விற்றுவிடக் கூடாதே.

ஒரு பனியன் கம்பெனிக்குள் முன்பின் தெரியாத ஆள் ஒருவர் நுழைகிறார். கட்டிங் பிரிவில் அவரை பையரின் ஆள் என்று நினைத்து இளநீர் கொடுக்கிறார்கள். செக்கிங்கில் வரி ஆபீசர் என்று நினைத்து அட்டைப்பெட்டிகளை ஒளிக்கிறார்கள். முதலாளியோ தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர் என்று நினைத்து வீட்டுக்குப் போன் செய்து கேசரி கிண்டச் சொல்கிறார். வந்தவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது குறுக்கே விழுந்து பேசிவிடுகிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

செல்லத்துரை தலையைச் சொறிந்தார். "அண்ணே, நான் யாருன்னு சொல்லிட்டா நடிக்கச் சவுகரியமா இருக்கும்லா?"

"தெரிஞ்சா மூஞ்சில தெரிஞ்சுருமுங்க."

"கடைசி சீன்லயாவது சொல்லுவீகளா?"

"கடைசித் துண்டை எல்லாரும் போனப்புறம் உங்களைத் தனியா வெச்சு எடுத்துக்கறேன். இப்ப நீங்க பைக்குள்ள கையை விடுங்க. அது போதும்."

படம் பிடித்தது ஒரு கல்யாண வீடியோக்காரர். பழக்க தோஷத்தில் முதலாளியும் வந்தவரும் கைகுலுக்கும் இடத்தில், ஆர்ட்டின் வடிவத்துக்குள் இருவர் முகத்தையும் போட்டு ரோஜாப்பூக்களைத் தூவிவிட்டார். பைலட் அதை நீக்கச் சொல்லவில்லை. தன்னைக் கவிழ்க்க வேண்டுமென்றே செய்திருக்கிறாரா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, சிரிப்பு வருகிறது என்று வைத்துக்கொண்டார்.

ஒளிபரப்பு நாளும் வந்தது. ஞாயிறு சாயங்காலம் ஆறரை மணி. அதே நேரத்தில் சென்னையின் பெரிய சேனல் ஒன்றில் புத்தம்புதுப் படம். எங்கள் சேனலை யார் பார்ப்பார்கள் என்று எனக்கே கவலையாக இருந்தது. அதனால் ஒரு காரியம் செய்திருந்தேன். ஹாஸ்டல் தோழிகள் மூன்று பேரிடம், "நாடகம் ரொம்ப நல்லா இருக்குன்னு சேனலுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கடி, பாவம்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

நான் மாடிக்குப் போனபோது பைலட் ஒயர்களுக்கு நடுவில் குந்தியிருந்தார். கேபிள் அறையில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பெட்டி இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் கையை விட்டு எதையோ பிடுங்கி எதையோ சொருகிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"ஒண்ணுமில்லீங். தூசி தட்டறேன்."

ஆறரைக்குச் சிடி ஓட ஆரம்பித்தது. ஆறு முப்பத்திரண்டுக்கு முதல் போன் வந்தது.

"ஏனுங்க, படம் வரலீங்களே. எவளோ ஒரு அக்கா பனியன் ஓட்டை வழியாப் பாத்துட்டு இருக்குது."

"அது எங்க சேனல்ங்க. நம்பர் மாத்துங்க."

"மாத்திட்டனுங்க. எல்லா நம்பர்லயும் அதே அக்காதான் பாக்குது."

அடுத்தவர் பாவம், டிவி கெட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். "அங்கியும் அதேதானுங்க. அதுக்கும் பக்கத்து ஊட்லயும் அதே. இதென்ன கெரகமுங்க?"

நான் போனை வைத்துவிட்டு பைலட்டைப் பார்த்தேன். ஊரில் எந்த நம்பரை அழுத்தினாலும் அவர் நாடகம் மட்டும் வருகிற மாதிரி முப்பத்தைந்து சேனல்களையும் மாற்றியிருந்தார். செய்திச் சேனல், பக்திச் சேனல், கிரிக்கெட், இந்திக்காரர்கள் பார்க்கும் சேனல், ஒன்று பாக்கியில்லை.

"அண்ணே, இது தப்பில்லையா?"

"சென்னைக்காரனை மாசம் முப்பது நாளும் நம்மாளுங்க பாக்கறாங்கல்லீங். அரை மணி நேரம் நம்மளைப் பாக்கட்டும்."

முதலாளி ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தார். அவர் மனைவிகூடப் போன் செய்து திட்டினார். பத்து நிமிடம் என்னால் போனைக் கீழே வைக்கவே முடியவில்லை. ஆறு நாற்பத்தொன்று இருக்கும், போன் நின்றது. ஒரேயடியாக நின்றது. மாவு மில்லும் லீவு. அந்த மாடியில் அப்படியோர் அமைதியை நான் கேட்டதில்லை.

பைலட்டுக்கு வியர்த்துவிட்டது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். டயல் டோன் வந்தது. "லைனை எவனோ கட் பண்ணீட்டான்னு நெனச்சேன். ஏன் அம்முணி யாரும் பண்றதில்லை?"

"பாத்துட்டு இருப்பாங்கண்ணே."

"எல்லாரும் டிவியை அமத்திட்டாங்களோ என்னமோ." ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார். எங்கே என்று கேட்டதற்குப் படியிலிருந்து பதில் வந்தது. "சிரிப்பு எண்ணோணுமுங்க."

அவர் போன சிறிது நேரத்தில் முதலாளி வந்துவிட்டார். பந்தியில் பாதியில் எழுந்தவர் போலிருந்தது, கை ஈரம் காயவில்லை. பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த ஒயர்களை வரிசையாகப் பிடுங்கிச் சரியாகச் சொருகினார். கடைசியில் சிடியையும் வெளியே எடுத்துவிட்டார். நாடகம் முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. செல்லத்துரை பைக்குள் கையை விடப் போகிற இடம்.

ஊரெங்கும் சென்னைப் படம் திரும்பி வந்தது. போனும் திரும்பி வந்தது.

"ஏனுங்க, ஏன் நிறுத்திட்டீங்க? அந்த ஆளு யாருங்க?"

வைத்தால் அடுத்தது. "பையிலிருந்து என்ன எடுத்தாருங்க?" அதையும் வைத்தால், "மாப்பிள்ளைதானுங்களே? நானும் எங்க ஊட்டுக்காரரும் பந்தயம் கட்டியிருக்கறோம்." ஒரு பீகார்ப் பையன் இந்தியில் ஏதோ கேட்டான். எனக்குப் புரிந்த ஒரே சொல் 'கௌன்'. யார்.

முதலாளி நம்பாமல் ரிசீவரைப் பிடுங்கி, அடுத்து வந்த போனைத் தானே எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "தெரியலை கண்ணு, ஊட்டுக்கு வந்து சொல்றேன்" என்று வைத்தார். அவர் மனைவி.

அந்தச் சமயத்தில் பைலட் படியேறி வந்தார், தனியாக இல்லை. சட்டைக் காலரை ஒரு பெரியவர் பிடித்திருந்தார். பின்னால் நான்கைந்து பேர்.

"ஏனுங்க, இந்தாளு உங்க ஆபீசுங்களா? எங்க ஊட்டுச் சன்னலுக்கு வெளியில நோட்டு வெச்சுட்டு நின்னாப்ல. என்னன்னு கேட்டா, நாங்க எத்தனை தடவை சிரிச்சோம்னு எழுதறாராமா."

"எங்க ஆளுதானுங்க, விடுங்க" என்றார் முதலாளி.

பெரியவர் காலரை விட்டார். ஆனால் போகவில்லை. கூட வந்தவர்களும் போகவில்லை. கடைசியில் பெரியவர்தான் வெட்கத்தோடு கேட்டார். "வந்ததுதான் வந்தோம். அந்த ஆளு யாருன்னு சொன்னீங்கன்னா கேட்டுட்டுப் போயிருவோம்."

பைலட் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்தச் சேனல்ல இருந்து வர்றீங்க?"

மறுநாளே முதலாளி முடிவு சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு முழு நாடகமும் மறுபடி ஓடும், நமது சேனலில் மட்டும். ஒரு மாதத்துக்குள் இரண்டாம் பகுதி வேண்டும். ஏழு பைலட் எடுத்தவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இரண்டாம் பகுதி. நான் ஓடிப் போய்க் கைகொடுத்தேன். அவர் கையை நீட்டவில்லை.

"நாடகம் நின்னப்புறம் வந்த முப்பத்தேழு போன் யாரு யாருன்னு எழுதி வெச்சீங்கல்ல? அதைக் குடுங்க."

வாழ்த்து வாசிக்கிற பழக்கத்தில், போன் செய்தவர்களின் பெயரையும் தெருவையும் குறித்து வைத்திருந்தேன். நோட்டை வாங்கிக்கொண்டு ஒரு வாரம் முழுக்க மொபெட்டில் சுற்றினார். வீடு வீடாகப் போய், நான் எழுதிய பெயரில் ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா, நாடகத்தை உண்மையிலேயே பார்த்தாரா என்று பரீட்சை வைத்தாராம். கிருஷ்ணவேணி என்ன கலர் சேலை, இளநீர் கொடுத்தவனுக்கு மீசை உண்டா இல்லையா. சில வீடுகளில் காபி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

சனிக்கிழமை என்னை அழைத்தார். மின்விசிறியைப் போடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"முப்பத்தேழுல மூணு உங்க ஹாஸ்டல்."

"அவங்களும் பாத்தாங்கண்ணே."

"நெசமாப் பாத்தவங்க ஒருத்தர்கூட நல்லா இருக்குன்னு சொல்லலீங் அம்முணி. அந்த ஆளு யாருன்னுதான் கேட்டாங்க. இந்த மூணு பேருதான் நல்லா இருக்குன்னாங்க."

மறைக்க முடியவில்லை. ஒப்புக்கொண்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன் என்றேன். ஒருவரும் போன் செய்யாமல் போய்விட்டால் அவர் மனது உடைந்துவிடுமே என்று பயந்தேன் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மூணு பேரை ஏற்பாடு பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு முப்பத்தினாலு பேரை ஏற்பாடு பண்ணவும் தெரியுமுங்க. அந்தப் பெரியவரு என்ற காலரைப் புடிச்சதுகூட நீங்க சொல்லித்தானோ என்னமோ."

அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். வாழ்த்து வாசிக்கிற காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார். எத்தனையோ தடவை அவர் யார் யாரையோ சந்தேகப்பட்டபோது நான் சிரித்திருக்கிறேன். இந்த முறை அவர் சந்தேகம் சரி. அதுதான் நெஞ்சை அறுத்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஊர் அவரை நிஜமாகப் பாராட்டியிருந்தது. அதையும் அவர் நம்ப முடியாதபடி நானே செய்துவிட்டேன்.

கிருஷ்ணவேணி அக்காவிடம் போய் அழுதேன். அக்கா கையிலிருந்த பனியனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போச்சாது வுடு கண்ணு. அவுரு வயசுப் பையனா மெட்ராஸ்ல சுத்துனப்ப, ஒரு கதையை எவங்கிட்டயோ முழுசாச் சொல்லியிருக்காரு. ஆறு மாசம் கழிச்சு அது டிவியில வந்துச்சாமா, வேற பேருல. நெசமோ பொய்யோ, நமக்கென்ன தெரியும். ஆனா அன்னைலிருந்து ஆளு இப்படித்தான்."

அடுத்த ஞாயிறு முழு நாடகமும் ஓடியது. கடைசி சீனை நானும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வந்த ஆள் பைக்குள் கையை விடுகிறார். கம்பெனி மொத்தமும் நடுங்குகிறது. வெளியே வருவது ஒரு டிபன் பாக்ஸ். "காலையில பஸ்ல விட்டுட்டுப் போயிட்டீங்க" என்று கிருஷ்ணவேணி அக்காவிடம் நீட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான். அக்கா அந்த டிபன் பாக்ஸைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதோடு முடிகிறது. ஹாஸ்டலில் நாற்பது பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மூன்று வாரம் போயிற்று. முதலாளி சொன்ன கெடு நெருங்கியது. இரண்டாம் பகுதி வருகிற வழியாக இல்லை; அந்த அரை மணி நேரத்தை ஒரு பட்டுச்சேலைக் கடைக்குக் கொடுத்துவிடப் போவதாகப் பேச்சு. அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாஸ்டல் வாட்ச்மேன் வந்து, "உங்களைப் பாக்க ஒரு பைலட் வந்துருக்காரும்மா" என்றார்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மொபெட்டோடு நின்றார். ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். துண்டுக் காகிதம் இல்லை. ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை வரிசையாகப் பக்க எண் போட்ட, இரண்டாம் பகுதியின் முழுக் கதை.

"படிங்க. நான் இங்கியே நிக்கறேன்."

பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அவர் வேறெங்கோ பார்ப்பது போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பனியன் கம்பெனியில் ஒரு ரகசிய கேமரா வைத்திருக்கிறார்கள் என்று வதந்தி. எல்லோரும் கேமராவுக்காக நல்லவர்களாக நடக்கிறார்கள். எட்டாம் பக்கத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஒன்பதில் சிரிப்பு நின்றது. பிறகு வரவே இல்லை. பக்கங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. மறுபடி மனதை உடைப்பதா, மறுபடி பொய் சொல்வதா.

கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். "எட்டாம் பக்கம் வரைக்கும் நல்லா சிரிச்சேண்ணே. அதுக்கு மேல வரல. முதலாளி மேடையேறிப் பேசுறதெல்லாம் இழுவையா இருக்கு."

"வரலீங்களா?"

"வரலண்ணே."

"ஒரு தடவைகூட?"

"பதினஞ்சுல கொஞ்சம் வர மாதிரி இருந்துச்சு. வரல."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. காகிதத்தைச் சுருட்டி மொபெட் பெட்டிக்குள் வைத்தார். "பொய் சொல்றவங்களா இருந்தா இப்பச் சொல்லியிருப்பீங்க. அப்ப அந்த முப்பத்தினாலும் நெசந்தானுங்க." வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "எட்டுக்கு மேல மாத்தீட்டு வர்றேன். யாருகிட்டயும் சொல்லிப் போடாதீங்க" என்றார்.

மாற்றினார். அந்தத் தொடர் ஏழு வாரம் ஓடியது. அந்த ஏழு வாரமும் கிருஷ்ணவேணி அக்காவால் பஸ்ஸில் டிக்கெட் வாங்க முடியவில்லை. கண்டக்டர்களே வாங்க விடவில்லை. எட்டாவது வாரம் முதலாளி கேபிள் கனெக்‌ஷன்களை எல்லாம் பெரிய ஆபரேட்டர் ஒருவருக்கு விற்றுவிட்டார். வந்தவர்களுக்கு உள்ளூர்ச் சேனல் தேவைப்படவில்லை. மாடியில் இருந்த சாமான்களை ஏற்றிப் போனபோது சிடிகளும் போய்விட்டன. நகல் ஒன்றுகூடக் கிடையாது. நகல் எடுத்தால் வெளியே போய்விடும் என்று பைலட் எடுக்க விட்டதே இல்லை. இன்றைக்கு அந்தத் தொடரைத் தேடினால் எங்கேயும் கிடைக்காது. அதைப் பார்த்த சனங்கள் கொஞ்சப் பேர் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பைலட் சோமனூரில் அவருடைய அண்ணனின் தறிக்குடோனைப் பார்த்துக்கொள்ளப் போனார். போகும்போது முகவரி தரவில்லை. எதற்கு என்று கேட்பார் என்பதால் நானும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து எனக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை ஈரோட்டில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்கர். அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டு, நல்ல குடும்பம் என்று சொல்லிப் போய்விட்டார். கிருஷ்ணவேணி அக்காவுக்கு மட்டும் பத்திரிகை கொடுத்தேன். எப்படியோ சேதி சோமனூருக்குப் போயிருக்கிறது.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. பின்னால் தறிச் சத்தம். தன் பேரைச் சொல்லவில்லை.

"அம்முணி, ஈரோட்டுக்குப் போயிட்டு வந்தனுங்க. மூணு நாளு அந்தத் தம்பி பின்னாலயே சுத்துனேன். ஆபீஸ் விட்டா நேரா ஊட்டுக்குத்தான் போறாப்ல. டீக்கடையில யாரையும் வையறதில்லை. ரெண்டாவது நாளு மழை வந்துச்சு, தெரியாத ஒரு கெழவியைக் குடைக்குள்ள கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி வுட்டாப்ல. நானும் எதுக்கா இருக்கும்னு நெம்ப ரோசனை பண்ணிப் பாத்தேன். சந்தேகப்பட ஒண்ணுமே கெடைக்கலீங். தைரியமாக் கட்டிக்குங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டார். அந்த மனிதர் மனதார யாருக்காவது ஆசீர்வாதம் செய்தார் என்றால், அது எனக்குத்தான்.